வாக்கு, இலக்கு, கடமை: ஆங்கிலத்தில் எதற்கு எந்த வினை?

கேள்வி இதுதான்: ‘வாக்குறுதியை நிறைவேற்றினேன்’, ‘இலக்கை எட்டினேன்’, ‘கடமையைச் செய்தேன்’ என்பதையெல்லாம் ஆங்கிலத்தில் எழுதும்போது ஃபுல்ஃபில், அகாம்ப்ளிஷ், அச்சீவ், பெர்ஃபார்ம், கேரி அவுட், எக்ஸிக்யூட் ஆகியவற்றில் எதை வேண்டுமானாலும் போடலாமா, அல்லது இதற்கு ஏதாவது கணக்கு உண்டா?

கணக்கு உண்டு. ஆனால் பலரும் அதை வினைச்சொல்லின் பொருளில் தேடுகிறார்கள். அது அங்கே இல்லை. என்ன நிறைவேறுகிறது என்பதைச் சொல்லும் பெயர்ச்சொல்தான் வினையைத் தீர்மானிக்கிறது. தமிழில் ஆசை, வாக்கு, கடமை, திட்டம், தீர்மானம், தண்டனை, வேண்டுதல், கோரிக்கை எல்லாவற்றையும் ‘நிறைவேற்று’ என்ற ஒரே வினையால் சொல்லிவிடலாம். ஆங்கிலத்தில் இந்த எட்டும் ஒரே வினைக்கு வராது. அகராதியில் ‘நிறைவேற்று’ என்று தேடி, எதிரே கிடக்கும் ஐந்தாறு சொற்களில் ஒன்றை எடுத்துப் போடுவதால்தான் தவறு நேர்கிறது. அந்தச் சொற்கள் ஒன்றுக்கொன்று நெருங்கிய பொருள் உடையவை என்பது உண்மை. ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காரும் என்பது உண்மையில்லை.

எலும்புக்கூடு மாதிரி மூன்று ஜோடிகளை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ப்ராமிஸ் என்றால் ‘கீப்’. கோல் என்றால் ‘அச்சீவ்’. டூட்டி என்றால் ‘டூ’. இந்த மூன்றும் எந்தச் சூழலிலும் தவறாகாது. ‘அச்சீவ் எ ப்ராமிஸ்’ என்று ஆங்கிலத்தில் யாரும் சொல்வதில்லை. ‘கீப் எ கோல்’ இன்னும் சிக்கல். ‘இலக்கு வைத்தேன்’ என்ற தமிழிலிருந்து ‘ஐ கெப்ட் எ கோல்’ என்று எழுதுகிறவர்கள் நிறைய. இலக்கு வைப்பதற்கு ‘செட் எ கோல்’. செட் செய்து, ‘வர்க் டுவர்ட்ஸ்’ என்று அதை நோக்கி உழைத்து, கடைசியில் அச்சீவ் செய்ய வேண்டும்.

வாக்குறுதி

வாக்குக் கொடுப்பது ‘மேக் எ ப்ராமிஸ்’. ‘கிவ் எ ப்ராமிஸ்’ தவறில்லை என்றாலும் குறைவாகவே வரும். காப்பாற்றுவது ‘கீப் எ ப்ராமிஸ்’, மீறுவது ‘ப்ரேக் எ ப்ராமிஸ்’. இங்கே இரண்டு பிழைகள் அடிக்கடி கண்ணில் படுகின்றன.

ஒன்று, ‘கீப் அப் யுவர் ப்ராமிஸ்’. ‘கீப் அப்’ என்றால் ஒரே வேகத்தில், ஒரே தரத்தில் தொடர்ந்து செய்வது. ‘கீப் அப் த குட் வர்க்’ சரி. வாக்குக்கு அந்த ‘அப்’ வேண்டாம்.

இரண்டு, ‘கீப் யுவர் வர்ட்ஸ்’. சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதற்கு ‘வர்ட்’ எப்போதும் ஒருமை: ‘ஹி கெப்ட் ஹிஸ் வர்ட்’. கொடுத்த வாக்கு நூறு சொல் நீளமாக இருந்தாலும் ஒருமைதான். பன்மையாக்கினால் பொருளே வேறு பக்கம் போய்விடும். ‘ஈட் ஒன்ஸ் வர்ட்ஸ்’ என்றால் சொன்னது தவறு என்று ஒப்புக்கொள்வது. ‘ஹேவ் வர்ட்ஸ் வித்’ என்றால் ஒருவரோடு வாக்குவாதம் செய்வது.

‘ஃபுல்ஃபில் எ ப்ராமிஸ்’ சரியானதே, கொஞ்சம் எழுத்து நடை. நண்பரிடம் பேசும்போது ‘கீப்’, தேர்தல் வாக்குறுதி பற்றிக் கட்டுரை எழுதும்போது ‘ஃபுல்ஃபில்’ என்று வைத்துக்கொள்ளலாம். அரசியல் செய்திகளில் அதைவிட அதிகம் வருவது ‘டெலிவர் ஆன்’: ‘த கவர்ன்மென்ட் ஃபெய்ல்ட் டு டெலிவர் ஆன் இட்ஸ் ப்ராமிசஸ்’. இந்த ‘ஆன்’ விட்டுப்போகக்கூடாது. ‘டெலிவர் ரிசல்ட்ஸ்’ என்னும்போது ஆன் கிடையாது, ஏனென்றால் அங்கே பலனையே கொண்டுவந்து கொடுக்கிறீர்கள். வாக்குறுதியைக் கொண்டுவந்து கொடுப்பதில்லை, அதன்படி நடந்து காட்டுகிறீர்கள். ‘மேக் குட் ஆன்’ என்பதும் இதே வேலையைச் செய்யும். அமெரிக்க எழுத்தில் அதை அதிகம் காணலாம்.

‘ஆனர்’ கொஞ்சம் கனமான சொல். ஒப்பந்தம், உடன்படிக்கை, கடன், காசோலை ஆகியவற்றுக்கு அது பொருந்தும். செய்யாமல் போனால் பெயர் கெடும் என்ற தொனி அதற்குள்ளேயே இருக்கிறது. வங்கி காசோலையை ஏற்றுப் பணம் கொடுத்தால் ‘த செக் வாஸ் ஆனர்ட்’, திருப்பி அனுப்பினால் ‘டிஸ்ஆனர்ட்’.

‘ப்ளெட்ஜ்’ என்ற சொல்லோடு ‘ரிடீம்’ சேரும். 1947 ஆகஸ்ட் 14 நள்ளிரவை ஒட்டி நேரு ஆற்றிய உரையில் ‘வி ஷல் ரிடீம் அவர் ப்ளெட்ஜ்’ என்று வருவது பலருக்கு நினைவிருக்கும். ப்ளெட்ஜ் என்பதற்கு அடகுப் பொருள் என்ற அர்த்தமும் உண்டு. அடகு வைத்ததை மீட்பதுதான் ரிடீம். உறுதிமொழி கொடுத்தவர் தன் சொல்லையே அடகு வைத்திருக்கிறார், செய்து முடித்து அதை மீட்கிறார் என்பது உள்ளே இருக்கும் படம். அதைப் புரிந்துகொண்டால் ‘அச்சீவ் அவர் ப்ளெட்ஜ்’ ஏன் ஒட்டவில்லை என்பதும் தெரியும்.

மிரட்டலும் வாக்குறுதியும் தமிழில் ஒரே மாதிரி நடத்தப்படும்: ‘சொன்னபடி செய்துவிட்டான்’. ஆங்கிலத்தில் வாக்குறுதிக்குக் கீப், மிரட்டலுக்குக் ‘கேரி அவுட்’. ‘ஹி கேரிட் அவுட் ஹிஸ் த்ரெட்’. எதிரில் இருப்பவர் விரும்பி எதிர்பார்ப்பதைத்தான் கீப் செய்ய முடியும். ஏற்பாடு செய்த சந்திப்புக்குத் தவறாமல் போவது ‘கீப் அன் அப்பாயின்ட்மென்ட்’, ரகசியத்தைக் காப்பது ‘கீப் எ சீக்ரெட்’ என்று வருவதிலும் அந்த நம்பிக்கை இருக்கிறது.

இலக்கு

இங்கே சொற்கள் அதிகம், குழப்பமும் அதிகம். அச்சீவ், அகாம்ப்ளிஷ் இரண்டையும் முதலில் பிரித்துவிடலாம்.

அச்சீவ் என்றால் காலம் எடுத்து, உழைத்து, ஒரு நிலையையோ பலனையோ பெறுவது. சக்சஸ், ரிசல்ட், இண்டிபென்டன்ஸ், பேலன்ஸ், டார்கெட், கோல் இவையெல்லாம் அதனோடு வரும். அகாம்ப்ளிஷ் என்றால் எடுத்த வேலையை வெற்றியோடு முடிப்பது. டாஸ்க், மிஷன், ஃபீட் (அரிய செயல்) இவை அதற்கு உரியவை. ஆக ‘அச்சீவ் சக்சஸ்’ சரி, ‘அகாம்ப்ளிஷ் சக்சஸ்’ சரியில்லை. ‘அகாம்ப்ளிஷ் எ டாஸ்க்’ சரி, ‘அச்சீவ் எ டாஸ்க்’ உறுத்தும். வேலையைப் பெற முடியாது, முடிக்கத்தான் முடியும். வெற்றியை முடிக்க முடியாது, பெறத்தான் முடியும். கோல் மட்டும் இரண்டுக்கும் பொதுவாக நிற்கும்.

அகாம்ப்ளிஷ் என்ற சொல்லுக்குள் ‘முழுதாக முடிந்தது’ என்ற உறுதி இருப்பதால் அதைப் பாதியில் பயன்படுத்தினால் வம்பு வரும். 2003 மே 1 அன்று அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் ஆபிரகாம் லிங்கனில் அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் ஈராக் போர் பற்றிப் பேசியபோது பின்னால் ‘மிஷன் அகாம்ப்ளிஷ்ட்’ என்ற பதாகை தொங்கியது. போர் அதன் பிறகும் பல ஆண்டுகள் நீடித்ததால் அந்த இரண்டு சொற்களே விமர்சனத்துக்கு அடையாளமாக மாறின. அலுவலகத்தில் பாதி முடிந்த வேலையைப் பற்றி எழுதும்போது ‘வி ஹேவ் அகாம்ப்ளிஷ்ட்’ என்று போடாதீர்கள். ‘வி ஆர் ஆன் ட்ராக் டு’ என்று தொடங்குங்கள்.

எண்ணால் அளக்கும் இலக்கு என்றால் ‘மீட்’ தான் இயல்பு. 500 பெட்டி கட்ட வேண்டும் என்று டார்கெட் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சரியாக 500 கட்டினால் ‘வி மெட் த டார்கெட்’. பேச்சில் ‘வி ஹிட் த டார்கெட்’. 530 கட்டினால் ‘வி எக்ஸீடட் த டார்கெட் பை தர்ட்டி’. 480 தான் முடிந்தது என்றால் ‘வி மிஸ்ட் த டார்கெட் பை ட்வென்டி’, அல்லது ‘வி ஃபெல் ஷார்ட் ஆஃப் த டார்கெட் பை ட்வென்டி’. ‘வி மெட் வித் த டார்கெட்’ தவறு. ‘மீட் வித்’ என்பது விபத்து, எதிர்ப்பு, தோல்வி, வெற்றி போன்றவை நமக்கு நேர்வதைச் சொல்வது. டெட்லைன், ரிக்வயர்மென்ட், ஸ்டாண்டர்ட், எக்ஸ்பெக்டேஷன், டிமாண்ட், நீட் இவை அத்தனைக்கும் மீட் வரும். ஏற்கெனவே ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார்கள், அந்தக் கோட்டை நாம் தொட வேண்டும் என்ற இடங்களில் மீட் என்று நம்பிப் போடலாம்.

‘ரீச்’ கோலுக்கும் டார்கெட்டுக்கும் பொருந்தும். உடன்பாடு, முடிவு ஆகியவற்றுக்கும் அதுவே: ‘ரீச் அன் அக்ரிமென்ட்’. ‘ரீச்ட் டு த கோல்’ என்று டு சேர்ப்பது தமிழின் ‘இலக்கை’ என்பதில் இல்லாத ஒன்றை ‘இலக்குக்கு’ என்று எண்ணிச் சேர்ப்பது. தேவையில்லை. ‘அட்டெய்ன்’ சம்பிரதாயமான சொல். வயது, தகுதி, உயர்நிலை ஆகியவற்றுக்கு உரியது. பதினெட்டு வயது நிரம்புவது ‘அட்டெய்ன் த ஏஜ் ஆஃப் எய்ட்டீன்’. வயதை யாரும் உழைத்துச் சம்பாதிப்பதில்லை என்பதால் அங்கே அச்சீவ் வராது.

கனவுக்கும் லட்சியத்துக்கும் ‘ஃபுல்ஃபில்’, ‘ரியலைஸ்’ இரண்டும் சரி. ரியலைஸ் என்றதும் ‘உணர்ந்துகொள்’ என்பதுதான் பலருக்கு முதலில் தோன்றும். ‘ஷி ரியலைஸ்ட் ஹர் ட்ரீம்’ என்றால் கனவை உணர்ந்தாள் என்பதல்ல, நனவாக்கினாள். அஞ்சியது அப்படியே நடந்துவிட்டால் ‘ஹிஸ் வர்ஸ்ட் ஃபியர்ஸ் வேர் ரியலைஸ்ட்’. நல்லது, கெட்டது இரண்டுக்கும் இந்தச் சொல் வரும்.

கடமை

1805 அக்டோபர் 21 அன்று டிரஃபால்கர் கடற்போர் தொடங்குமுன் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் தன் கப்பற்படைக்குக் கொடிகள் மூலம் ஒரு செய்தி அனுப்பினார். ஒவ்வொருவரும் தன் கடமையைச் செய்வார் என்று இங்கிலாந்து எதிர்பார்க்கிறது என்பது அதன் பொருள். முதலில் அவர் ‘எக்ஸ்பெக்ட்ஸ்’ (எதிர்பார்க்கிறது) என்பதற்குப் பதில் ‘கன்ஃபைட்ஸ்’ (உறுதியாக நம்புகிறது) என்றுதான் சொன்னார். அந்தச் சொல்லுக்குக் கொடிக் குறிநூலில் எண் இல்லை, எழுத்தெழுத்தாக ஏற்ற வேண்டும், நேரமாகும் என்று சமிக்ஞை அதிகாரி பாஸ்கோ சொன்னதால் மாற்றினார். ‘டூட்டி’க்கும் குறிநூலில் எண் இல்லை. அதை நான்கு எழுத்தாகப் பிரித்துத்தான் ஏற்றினார்கள். நமக்குத் தேவையான விஷயம், அந்தச் செய்தியில் கடமைக்கு நின்ற வினை ‘டூ’ என்பதே: ‘டூ ஹிஸ் டூட்டி’. கடமைக்கு இதைவிடச் சிறந்த வினை இல்லை. எளிமையாக இருப்பதால் தரம் குறைந்தது என்று நினைத்துக் கனமான சொல்லைத் தேட வேண்டாம்.

ஒரு நுணுக்கம் உண்டு. மனசாட்சி சார்ந்த கடமை ஒருமையில் வரும், அதற்கு ‘டூ’. பதவியோடு வரும் பொறுப்புகள் பன்மையில் ‘டூட்டீஸ்’ என்று வரும். அவற்றுக்குப் ‘பெர்ஃபார்ம்’, ‘கேரி அவுட்’, ‘டிஸ்சார்ஜ்’. பேச்சுக்கும் அறிக்கைக்கும் கேரி அவுட் போதும். சான்றிதழ், நியமனக் கடிதம் என்றால் பெர்ஃபார்ம். பதவிப் பிரமாணம், சட்ட ஆவணம் என்றால் டிஸ்சார்ஜ்.

அமெரிக்க அரசியலமைப்பை 1787-இல் எழுதியவர்கள் இந்த வேறுபாட்டை எப்படிக் கையாண்டார்கள் என்று பாருங்கள். அதிபர் எடுக்கும் உறுதிமொழியில் ‘எக்ஸிக்யூட் த ஆஃபிஸ்’ என்று வருகிறது. அவர் செயல்பட முடியாத நிலை பற்றிப் பேசும்போது ‘டிஸ்சார்ஜ் த பவர்ஸ் அண்ட் டூட்டீஸ்’ என்று வருகிறது. 1967-இல் ஏற்கப்பட்ட 25-ஆவது திருத்தமும் டிஸ்சார்ஜையே தொடர்கிறது. இந்திய அரசியலமைப்பில் அமைச்சர் எடுக்கும் உறுதிமொழியில் ‘டிஸ்சார்ஜ் மை டூட்டீஸ்’, உச்ச நீதிமன்ற நீதிபதி எடுப்பதில் ‘பெர்ஃபார்ம் த டூட்டீஸ் ஆஃப் மை ஆஃபிஸ்’. பதவியை எக்ஸிக்யூட் செய்யலாம், அதன் கடமைகளைப் பெர்ஃபார்ம் அல்லது டிஸ்சார்ஜ் செய்யலாம். இவற்றில் எங்கும் அச்சீவ் இல்லை, அகாம்ப்ளிஷ் இல்லை. கடமை அடைந்து முடிக்கும் பொருள் அல்ல. இன்று செய்தாலும் நாளை மறுபடி செய்ய வேண்டியது.

டிஸ்சார்ஜில் ஒரு பள்ளம் இருக்கிறது. ‘ஹி டிஸ்சார்ஜ்ட் ஹிஸ் டூட்டீஸ்’ என்றால் கடமைகளைச் செய்தார். ‘ஹி வாஸ் டிஸ்சார்ஜ்ட் ஃப்ரம் ஹிஸ் டூட்டீஸ்’ என்றால் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்பட்டார். ஒரு ‘வாஸ்’, ஒரு ‘ஃப்ரம்’ சேர்ந்ததும் பாராட்டு பதவி பறிப்பாகிவிடும். ‘ரிலீவ்ட் ஆஃப் ஹிஸ் டூட்டீஸ்’ என்பதும் அப்படித்தான். கேட்க மென்மையாக இருக்கும், செய்தியில் வந்தால் பெரும்பாலும் நீக்கப்பட்டார் என்றே பொருள்.

தமிழ்ப் பேச்சில் ‘டூட்டி’ என்றால் வேலைநேரம். ‘டூட்டி முடிந்தது’ என்பதை ‘மை டூட்டி இஸ் ஓவர்’ என்று எழுதினால், என் கடமை இத்தோடு தீர்ந்தது என்று கைகழுவும் தொனி வந்துவிடும். வேலைநேரத்துக்கு ‘ஷிஃப்ட்’ போடுங்கள், அல்லது ‘ஐ ஆம் ஆஃப் டூட்டி’ என்று சொல்லுங்கள். வேலையில் சேர்வதற்கு ‘ஜாயின் டூட்டி’ அல்ல, ‘ரிப்போர்ட் ஃபார் டூட்டி’.

சட்டம், தீர்மானம், தண்டனை, பத்திரம்

செய்தி மொழிபெயர்க்கிறவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. ‘சட்டம் நிறைவேற்றப்பட்டது’, ‘தீர்மானம் நிறைவேற்றப்பட்டது’ என்றால் மன்றத்தில் ஏற்கப்பட்டது என்று பொருள். செயலுக்கு வந்துவிட்டது என்றில்லை. ஆகவே ‘பாஸ்’. தீர்மானத்துக்கு ‘அடாப்ட்’ என்றும் வரும். இம்ப்ளிமென்ட் என்று எழுதினால் செய்தியே பொய்யாகிவிடும். தீர்மானம் ஏற்கப்பட்டுப் பல ஆண்டுகள் செயலுக்கு வராமல் கிடக்கலாம் அல்லவா? தண்டனையில் இது தலைகீழ். ‘பாஸ் சென்டன்ஸ்’ என்றால் தண்டனை விதிப்பது. தண்டனையை நிறைவேற்றுவது ‘கேரி அவுட் த சென்டன்ஸ்’. ஒரே ‘நிறைவேற்று’, சட்டத்துக்குப் பாஸ், தண்டனைக்குக் கேரி அவுட்.

ரெசல்யூஷன் என்ற சொல்லுக்கே இரண்டு முகம். மன்றத்தின் தீர்மானம் என்றால் பாஸ் செய்வது. புத்தாண்டில் தனக்குத்தானே எடுக்கும் உறுதி என்றால் அது வாக்குறுதி இனத்தில் சேர்ந்துவிடும்: ‘மேக்’, ‘கீப்’, ‘ப்ரேக்’.

சட்டம் பாஸ் ஆன பிறகு ஆளுக்கொரு வினை. தலைக்கவசம் கட்டாயம் என்று ஒரு சட்டம் வந்தால், அரசு அதை ‘இம்ப்ளிமென்ட்’ செய்கிறது. போலீஸ் ‘என்ஃபோர்ஸ்’ செய்கிறது. வண்டி ஓட்டுகிறவர் ‘கம்ப்ளை வித்’ செய்கிறார். அரசு கம்ப்ளை செய்யாது, ஓட்டுகிறவர் என்ஃபோர்ஸ் செய்ய மாட்டார். ‘கம்ப்ளை டு’ என்பது பிழை, ‘வித்’ தான். ‘அபைட்’ என்றால் ‘பை’ சேர வேண்டும், ‘ஒபே’ என்றால் எதுவும் சேராது.

எக்ஸிக்யூட் பற்றி ஒரு எச்சரிக்கை. திட்டத்தை, கட்டளையை, கணினி நிரலை எக்ஸிக்யூட் செய்வது என்றால் நடத்தி முடிப்பது. மனிதரை எக்ஸிக்யூட் செய்வது என்றால் மரண தண்டனையை நிறைவேற்றுவது. பத்திரத்தை எக்ஸிக்யூட் செய்வது என்றால் உரிய முறைப்படி கையெழுத்திட்டு அதைச் செல்லுபடியாக்குவது. ‘த அக்ரிமென்ட் வாஸ் எக்ஸிக்யூட்டட் ஆன் மார்ச் ஒன்’ என்று படித்துவிட்டு, ஒப்பந்த வேலை மார்ச் 1-இல் முடிந்துவிட்டது என்று புரிந்துகொண்டால் பணத்தகராறு வரும். கையெழுத்து அன்றுதான் ஆகியிருக்கிறது, வேலை இனிமேல்தான். ஒப்பந்தப்படி வேலையைச் செய்வதற்குச் சட்ட மொழியில் பெர்ஃபார்ம், செய்யாமல் விடுவதற்கு ‘ப்ரீச்’.

கோரிக்கைக்கு மீட், வேண்டுகோளுக்குக் ‘க்ரான்ட்’, வாடிக்கையாளர் ஆர்டருக்கு ஃபுல்ஃபில். மேலதிகாரியின் ஆர்டருக்குக் கேரி அவுட். இங்கே விளக்கம் தேவையில்லை, ஜோடியாக மனதில் வைத்தால் போதும்.

‘நிறைவேறு’வும் ‘நிறைவேற்று’வும்

தமிழில் கனவு தானாக நிறைவேறும், நாமும் அதை நிறைவேற்றலாம். இரண்டுக்கும் தனித்தனி வினைவடிவம் இருக்கிறது. ஃபுல்ஃபில் என்பதற்கு அப்படிப்பட்ட ஜோடி கிடையாது; அது எப்போதும் ‘நிறைவேற்று’ தான். அதனால் ‘மை ட்ரீம் ஃபுல்ஃபில்ட்’ என்பது பிழை. ‘மை ட்ரீம் வாஸ் ஃபுல்ஃபில்ட்’ என்று செயப்பாட்டு வினையாக்க வேண்டும், அல்லது ‘மை ட்ரீம் கேம் ட்ரூ’. ‘த கோல் அச்சீவ்ட்’ என்பதும் இதே பிழை. கனவுக்குக் ‘கேம் ட்ரூ’ இன்னும் இயல்பு. கனவு, ஆசை, கணிப்பு ஆகியவை கம் ட்ரூ ஆகும்; இலக்கும் கடமையும் ஆகா. ஆள் எழுவாயாக இருந்து ‘ஷி ஃபீல்ஸ் ஃபுல்ஃபில்ட்’ என்று வந்தால் வாழ்க்கையில் மனநிறைவு என்று பொருள்.

நாம் ஃபுல்ஃபில்லை எல்லா இடத்திலும் போடத் துடிப்பதற்கு ஒரு காரணம் தெரிகிறது. அந்தச் சொல் ‘நிறைய நிரப்பு’ என்று பிறந்தது. தமிழ்ச் சொல்லிலும் ‘நிறைவு’ இருக்கிறது. அகாம்ப்ளிஷ், கம்ப்ளீட், கம்ப்ளை, இம்ப்ளிமென்ட் ஆகியவையும் நிரப்புதல் என்ற லத்தீன் வேரிலிருந்து வந்தவையே. பிலிப்பைன்ஸ் ஆங்கிலத்தில் படிவத்தை நிரப்புவதற்கு இன்றும் ‘அகாம்ப்ளிஷ் த ஃபார்ம்’ என்கிறார்கள். மற்ற நாடுகளில் ‘ஃபில் இன்’, ‘ஃபில் அவுட்’ அல்லது ‘கம்ப்ளீட்’. வேர் ஒன்று என்பது சுவையான செய்தி. ஆனால் எதை எங்கே போடுவது என்பதற்கு அது உதவாது.

இன்னொரு இலக்கணப் பிழை ‘ஐ அச்சீவ்ட் டு ஃபினிஷ்’. அச்சீவுக்கும் அகாம்ப்ளிஷுக்கும் பின்னால் இன்னொரு வினை ‘டு’ போட்டு வராது. ‘ஐ மேனேஜ்ட் டு ஃபினிஷ்’ அல்லது ‘ஐ சக்ஸீடட் இன் ஃபினிஷிங்’.

இரட்டைச் சொல் வினைகளில் சொல்லின் இடம் மாறினால் பிழையாகலாம், துணைச்சொல் மாறினால் பொருள் மாறும். ‘கேரி இட் அவுட்’ சரி, ‘கேரி அவுட் இட்’ தவறு. ‘கேரி ஆன்’ என்றால் தொடர்வது. கட்டளையைக் கேரி ஆன் செய்ய முடியாது. ‘சீ த ப்ராஜெக்ட் த்ரூ’ என்றால் இடர் வந்தாலும் கடைசிவரை நின்று முடிப்பது. ‘சீ த்ரூ ஹிம்’ என்றால் அவர் வேஷத்தைக் கண்டுகொள்வது. ‘ஃபாலோ த்ரூ ஆன்’ என்றால் சொன்னதைச் செய்து முடிப்பது, ‘ஃபாலோ அப் ஆன்’ என்றால் என்ன ஆயிற்று என்று பிறகு விசாரிப்பது. வாடிக்கையாளருக்கு ‘ஐ வில் ஃபாலோ அப்’ என்று எழுதினால், விசாரிக்கிறேன் என்றுதான் வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள், முடித்துத் தருகிறேன் என்றல்ல. அலுவலக மின்னஞ்சலில் இந்த இரண்டும் மாறிப்போய் மனக்கசப்பு வருவது உண்டு.

எதிர்ச்சொல்லை வைத்துச் சோதிப்பது

சரியான வினை எது என்று சந்தேகம் வந்தால், செய்யாமல் போனால் என்ன சொல்வோம் என்று யோசித்துப் பாருங்கள். பல நேரம் பெயர்ச்சொல்லின் இயல்பு அதில் தெரிந்துவிடும். ப்ராமிஸ் உடையும்: ப்ரேக், கொடுத்தவர் பின்வாங்கினால் ‘கோ பேக் ஆன்’, ‘ரினீக் ஆன்’. உடையக்கூடியது என்பதால் காப்பாற்ற வேண்டும், ஆகவே கீப். டார்கெட் தவறிப்போகும்: மிஸ். தவறக்கூடியது என்பதால் தொட வேண்டும், ஆகவே மீட், ஹிட். டூட்டியை உடைக்கவோ தவறவிடவோ முடியாது. கவனிக்காமல் விடலாம் அல்லது தட்டிக்கழிக்கலாம், ‘நெக்லெக்ட்’, ‘ஷர்க்’. ஆகவே அதற்கு வேண்டியது செய்வது, டூ. ஆர்டரை மீறலாம், ‘டிஸ்ஒபே’. கடன் தவணையைக் கட்டாமல் விடலாம், ‘டிஃபால்ட் ஆன்’. திட்டத்தைக் கைவிடலாம், ‘அபாண்டன்’; ஒத்திப்போட்டு ஓரங்கட்டலாம், ‘ஷெல்வ்’.

ஆய்வேடும் சுயவிவரமும்

ஆய்வேட்டின் முகப்புப் பக்கத்தில் ‘இன் பார்ஷியல் ஃபுல்ஃபில்மென்ட் ஆஃப் த ரிக்வயர்மென்ட்ஸ் ஃபார் த டிகிரி ஆஃப்’ என்று ஒரு வரி வரும். பட்டத்துக்கு வேண்டிய தேவைகள் பல. பாடத்தேர்வு, வாய்மொழித் தேர்வு எல்லாம் அதில் அடக்கம். ஆய்வேடு அவற்றில் ஒன்றை மட்டும் நிறைவு செய்வதால் ‘பார்ஷியல்’. இதைச் சுருக்கி ‘பார்ஷியல் ஃபுல்ஃபில்மென்ட் ஆஃப் த டிகிரி’ என்று அச்சடித்துவிடுகிறார்கள். நிறைவு செய்யப்படுவது தேவைகள், பட்டம் அல்ல. ‘ரிக்வயர்மென்ட்ஸ்’ விடுபடக்கூடாது.

சுயவிவரத்தில் எல்லா வரியையும் ‘அச்சீவ்ட்’ என்று தொடங்குவது ஒரு நோய். அச்சீவுக்குப் பின்னால் பலன் வர வேண்டும்: ‘அச்சீவ்ட் எ டென் பர்சென்ட் ரிடக்ஷன் இன் வேஸ்ட்’. புதிய முறையைப் புகுத்தி நடைமுறைக்குக் கொண்டுவந்திருந்தால் இம்ப்ளிமென்டட். சோதனை, ஆய்வு, பழுதுபார்ப்பு என்றால் கேரிட் அவுட். எண்ணிக்கை இலக்கென்றால் மெட் அல்லது எக்ஸீடட். எக்ஸிக்யூட்டட் என்பதை ப்ளான், கேம்பெய்ன், ட்ரேட் ஆர்டர் போன்றவற்றோடு மட்டும் வையுங்கள். ‘எக்ஸிக்யூட்டட் டூட்டீஸ்’ என்று வேண்டாம், அங்கே ‘பெர்ஃபார்ம்ட்’ போதும்.

எழுத்துக்கூட்டல், உச்சரிப்பு இரண்டையும் சொல்லிவிடுகிறேன். ஃபுல்ஃபில் என்பதில் ‘ஃபுல்’ பகுதிக்கு எந்த நாட்டிலும் ஒரே ‘எல்’ தான். கடைசியில் பிரிட்டிஷ் முறையில் ஒரு ‘எல்’, அமெரிக்க முறையில் இரண்டு. ஃபுல்ஃபில்மென்டிலும் இதே வேறுபாடு. ஆனால் ‘ஃபுல்ஃபில்ட்’, ‘ஃபுல்ஃபில்லிங்’ என்று விகுதி சேரும்போது இரு முறையிலும் நடுவில் இரண்டு ‘எல்’. அழுத்தம் இரண்டாம் அசையில் விழும். எக்ஸிக்யூட்டில் அழுத்தம் முதல் அசையில். உயிலை நிறைவேற்றும் பொறுப்பாளரைக் குறிக்கும் எக்ஸிக்யூட்டரில் அது இரண்டாம் அசைக்கு நகர்ந்து ‘இக்ஸெக்யுட்டர்’ என்று ஒலிக்கும். அகாம்ப்ளிஷின் நடு அசையைப் பிரிட்டனில் பலர் ‘கம்’ என்பார்கள், அமெரிக்காவில் ‘காம்’. இம்ப்ளிமென்ட் வினையாக வரும்போது கடைசி ‘மென்ட்’ தெளிவாக ஒலிக்கும், கருவி என்ற பெயர்ச்சொல்லாக வரும்போது ‘மன்ட்’ என்று மங்கும். ஆனர் என்ற சொல்லுக்குப் பிரிட்டிஷ் எழுத்தில் ‘யூ’ உண்டு, அமெரிக்க எழுத்தில் கிடையாது. ஒரே ஆவணத்தில் இரண்டு முறையும் கலக்காமல் இருக்க, எழுதத் தொடங்கும்போதே மென்பொருளில் மொழியைப் பிரிட்டிஷ் அல்லது அமெரிக்க ஆங்கிலம் என்று குறித்துவிடுங்கள்.